மூடிவைத்த பழைய காரின் சாயம் கெட்டிருக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதுதான் எனக்கு அதிகமாக அழைப்பு வரும். "அண்ணே, வண்டியைக் கழுவி வைக்கலாம்னு கவரை எடுத்தேன். பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையா இருக்கு" என்பார்கள். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழை மாதங்கள். அந்த மழையில் ஆறேழு வாரம் கவருக்குள் கிடந்த வண்டியாக இருக்கும். மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், 1985இல் வந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகா என்று வண்டிதான் மாறும், கதை மாறாது.

குளுகோரில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் மோரிஸ் மைனர் அப்பாவுடையது. தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து அவர் வாங்கியது. அதன் சாயம் இரண்டு முறை கெட்டு, இரண்டு முறையும் அதை மீட்டெடுத்த பிறகுதான் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வண்டிகளையும் பார்க்கத் தொடங்கினேன். சாயம் அடிப்பது என் தொழில் அல்ல. ஆனால் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. நம் ஊரில் நிறுத்திவைத்த காரின் சாயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலோ தூசியோ அல்ல. உள்ளே போய் வெளியே வர வழி கிடைக்காத ஈரம்தான். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கவரை எடுங்கள், வண்டியைக் கழுவுங்கள், காற்று வரும் நிழலில் மூன்று நாள் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகு மறுபடி பாருங்கள். அதுவரை போலிஷ் டப்பாவைத் தொட வேண்டாம்.

கை வைக்கும் முன்: உங்கள் வண்டியில் இருப்பது எந்தச் சாயம்?

இது தெரியாமல் எதையும் தேய்க்கக் கூடாது. பூட் மூடியின் உள்பக்க ஓரம் போன்ற மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி போலிஷ் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால், மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுச் சாயம். நிறம் வராவிட்டால் பெரும்பாலும் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

அதே மறைவிடத்தில் தின்னரைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றுங்கள். சாயம் கரைந்து பஞ்சில் வந்தால் அது பழைய லாக்கர். இளகிச் சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் இரண்டு கலவைச் சாயம், அதாவது கடைக்காரர்கள் டூ-கே என்று சொல்வது. இந்தப் பதிலை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள். என்றாவது ஸ்ப்ரே கடைக்குப் போனால் முதலில் தேவைப்படப் போவது அந்தத் தாள்தான். லாக்கர் மேல் டூ-கே அடித்தால் புதுச் சாயத்தில் உள்ள கரைப்பான் அடியில் இருப்பதைக் கிளப்பிச் சுருக்கிவிடலாம். ஒரு கடையில் கேட்காமலே அப்படி அடித்து, என் மாமாவின் டட்சனுக்கு இரண்டு கதவும் மறுபடி உரிக்க வேண்டியதாயிற்று.

அறிகுறி: வெள்ளை மேகம் போலப் படர்ந்திருக்கிறது

கூரை, பானெட், பூட் ஆகிய மூன்றில்தான் இது அதிகம் வரும், கவர் நேராகப் படிந்து கிடக்கும் இடங்கள் அவை. மங்கலான பால் நிறத்தில், ஓரம் தெளிவில்லாமல், சில நேரம் கவரின் மடிப்பு விழுந்த வடிவத்திலேயே இருக்கும்.

முதலில் ஈரமான மைக்ரோபைபர் துணியால் ஓர் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். துடைத்தவுடன் போய்விட்டால் அது பழைய வேக்ஸ் வெளுத்தது, அல்லது தூசி. நல்ல ஷாம்பூ போட்டுக் கழுவிப் புது வேக்ஸ் போட்டால் தீர்ந்தது.

துடைத்தும் போகவில்லை என்றால் சாயத்துக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது மீளும். மேலே சொன்ன மூன்று நாள் காயவைத்தலை ஒரு வாரமாக நீட்டுங்கள். காலை வெயில் படும்படி சிறிது நேரம் நிறுத்துவதும் உதவும். எங்கள் மைனரின் பானெட் ஐந்தாம் நாளில்தான் தெளிந்தது. நான்காம் நாளே பொறுமை இழந்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டிருந்தால் நல்ல சாயத்தைத்தான் தேய்த்து எறிந்திருப்பேன். அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். மேகம் மெலிந்தால் அது ஈரம்தான். தகரம் கையில் சுடும் அளவுக்குப் போக வேண்டாம்.

தெளிந்துவிட்டதா? இப்போது காரணத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

கவரைச் சோதியுங்கள்
கவரின் ஓர் இடத்தை வாயோடு அழுத்தி வைத்து ஊதுங்கள். மூச்சு அந்தப் பக்கம் போகவில்லையென்றால் ஈரமும் போகாது. வெள்ளியாய் மின்னும் மலிவு நைலான் கவர், லாரிக் கேன்வஸ், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். "மழை ஒரு சொட்டுக்கூட இறங்காது" என்று விற்பார்கள். இறங்காது, சரி. ஆனால் விடியற்காலையில் தகரம் குளிர்ந்து உள்ளே வியர்க்கும் தண்ணீர் எங்கே போகும்? கூரை உள்ள இடத்துக்கு, உள்பக்கம் மென்மையான, மூச்சுவிடும் துணிக் கவரே போதும். மழைச்சாரல் பக்கவாட்டில் அடிக்கும் போர்ச்சாக இருந்தால் வண்டியைச் சுற்றிக் கட்டாதீர்கள், போர்ச்சைச் சுற்றிக் கட்டுங்கள். மூங்கில் சிக் திரையோ கேன்வஸோ போர்ச்சின் விளிம்பில் தொங்கவிட்டால் சாரல் வண்டிக்கு வராது, காற்றும் நிற்காது.

கவருக்குக் கீழே கம்பளி, பழைய லுங்கி, மெத்தை விரிப்பு போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது ஈரப் பஞ்சை அங்கேயே கட்டிவைப்பது போல. எடுத்துவிடுங்கள்.

தரையைச் சோதியுங்கள்
இதை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றரை அடி சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, வண்டி நிற்கும் சிமெண்டுத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளுக்குக் கீழே முத்து முத்தாய் நீர் கட்டியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. வண்டிக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, அதன்மேல் பலகையோ ரப்பர் பாயோ போட்டு வண்டியை ஏற்றுங்கள். புல்தரையிலும் மண்ணிலும் மூடி நிறுத்துவது இதைவிட மோசம்.

காற்றைச் சோதியுங்கள்
ஈரப்பத மானி ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள், 20, 30 வெள்ளிக்குள் கிடைக்கும். நம் ஊரில் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். நான்கு பக்கமும் சுவர், கதவு உள்ள கராஜாக இருந்தால் ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து 50, 55 விழுக்காட்டில் பிடிக்கலாம். கிரில் போட்ட போர்ச்சில் அந்தக் கருவி வாங்குவது வீண் செலவு, வெளிக்காற்று முழுவதையும் அதனால் காயவைக்க முடியாது. அங்கே டைமர் போட்ட ஒரு ஸ்டேண்டு ஃபேன், காலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும்.

இரண்டு வாரம் காயவைத்தும் மேகம் அப்படியே இருந்தால்
விரல் நகத்தால் மேகத்தின் ஓரத்தை மெதுவாகத் தடவுங்கள். ஓரம் நகத்தில் தட்டினாலோ செதிலாகக் கிளம்பினாலோ கிளியர் கோட் அடியை விட்டுக் கழன்றுவிட்டது. அதற்குப் போலிஷும் இல்லை, எண்ணெயும் இல்லை. அந்தத் தகடு முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஸ்ப்ரே கடைக்குப் போக வேண்டிய நேரம் இதுதான்.

அறிகுறி: சிறு சிறு கொப்புளங்கள்

விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத கொப்புளம்கூட நிழலோடு எழுந்து நிற்கும். எத்தனை, எங்கே என்று மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயவைத்த பிறகு ஒப்பிட இந்தப் படம் வேண்டும்.

இரண்டு வாரம் திறந்து காயவைத்த பின் சுருங்கினால் அது ஈரக் கொப்புளம். ஊசிமுனை அளவில் உள்ளவை பல முறை முழுதாகவே படிந்துவிடும். கவரை மாற்றி, மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்து வந்தால் போதும்.

சுருங்காவிட்டால், எல்லாவற்றிலும் மறைவான ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்துங்கள். தண்ணீர் வந்து, அடியில் பிரைமரின் சாம்பலோ சிவப்போ தெரிந்தால் சாயம் அடிக்கும்போதே அடியில் அழுக்கோ உப்போ வியர்வையோ தங்கியிருந்தது, கவருக்குள் இருந்த ஈரம் அதைத் தேடிப் போயிருக்கிறது. உடனே ஓட வேண்டியதில்லை. காய்ந்த இடத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். குத்திய துளையை மட்டும் டச்சப் சாயத்தால் அடைத்துவிடுங்கள்.

ஊசியில் பழுப்பு நிறம் வந்தால் கதை வேறு. தகரம் துருப்பிடித்துச் சாயத்தைத் தள்ளுகிறது. மேலிருந்து எதைப் பூசினாலும் அது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். தகரத்தட்டுப் பட்டறையில் காட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறீர்களோ அவ்வளவு சிறிய துண்டு வெட்டினால் போதும்.

அறிகுறி: கதவின் அடி, சக்கர வளைவு, குரோம் பட்டைக்குக் கீழே உப்பியிருக்கிறது

இது சாயத்தின் மேலிருந்து வந்த கோளாறு அல்ல, தகரத்தின் உள்பக்கத்திலிருந்து துரு தள்ளுவது. தஞ்சோங் தோக்கோங், பட்டர்வொர்த் போன்ற கடற்காற்று அடிக்கும் பக்கங்களில் நிற்கும் வண்டிகளில் வேகமாக வரும்.

செலவில்லாத வேலை முதலில். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். பல வண்டிகளில் அவை மண்ணாலும், முன்பு சாயம் அடித்தவர் அப்பிய பூச்சாலும் அடைபட்டிருக்கும். சாத்தே குச்சி ஒன்றை எடுத்து மெதுவாகக் குத்தித் திறங்கள். மூங்கில் என்பதால் சாயம் கீறாது. ஒரு முறை நண்பரின் சாகாவில் இப்படிக் குத்தியபோது அரைக் குவளை கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எட்டு மாதம் அசையாமல் நின்ற வண்டி அது.

அப்புறம் உப்பிய இடத்தில் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகரம் இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டாத இடம் பட்டிதான். சாயத்தின் கனத்தை அளக்கும் மானி இருந்தால் இன்னும் தெளிவு. தொழிற்சாலைச் சாயம் ஏறக்குறைய 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். மறுபடி அடித்தது அதைத் தாண்டும். 500, 1000 என்று காட்டினால் அடியில் பட்டி.

காந்தம் ஒட்டுகிறது, உப்பல் ஒரு பத்துக் காசு அளவுதான் என்றால் நீங்களே துருவைச் சுரண்டி, துரு மாற்றி பூசி, பிரைமர், டச்சப் வைத்து ஒரு பருவத்தைத் தள்ளலாம். காந்தம் ஒட்டவில்லை, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் நீங்கள் தொட வேண்டாம்.

அறிகுறி: வெள்ளைக் கோடு, கல் போல் இறுகியிருக்கிறது

அடுக்குமாடி பேஸ்மெண்டில் வண்டியை விட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேல்தளத்துக் கான்கிரீட் வெடிப்பு வழியே கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. காய்ந்தால் வெள்ளைக் கல். நிர்வாக அலுவலகம் "சாதாரணத் தண்ணீர்தான்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். காரத்தன்மை உள்ள நீர் அது, விட்டுவைத்தால் சாயத்தையே அரிக்கும். எனக்கு வரும் வேலைகளிலேயே அதிகம் கோபம் வருவது இதைப் பார்க்கும்போதுதான். ஏனென்றால் சொட்டு விழும் இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி நிறுத்தியிருந்தாலே தப்பித்திருக்கும் சாயம் அது.

நகத்தாலோ கத்தியாலோ கார்டாலோ சுரண்டாதீர்கள். கல்லோடு சாயமும் வரும். சமையலறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, டிஷ்யூ தாளை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டுங்கள். ஐந்து நிமிடம். எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கரையும்வரை மறுபடி, மறுபடி. ஒரே தடவையில் அரை மணி நேரம் ஊறவைப்பதைவிட ஐந்தைந்து நிமிடமாக ஆறு முறை செய்வதே பாதுகாப்பு. முடிந்ததும் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். சாயம் வெடித்துத் தகரம் தெரியும் இடத்தில் வினிகர் படக் கூடாது. ஒற்றைப் பூச்சுச் சாயமாக இருந்தால் முதலில் மறைவிடத்தில் சோதியுங்கள்.

கல் போய், அடியில் மங்கலான தடம் மட்டும் இருந்தால் மென்மையான போலிஷை மெஷின் இல்லாமல் கையால் போட்டுப் பாருங்கள். தடம் மெலிந்தால் தொடரலாம். நகம் ஓட்டும்போது பள்ளம் தட்டினால் அரிப்பு ஆழம் போய்விட்டது. வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் போட்டு இழைப்பது கைத்தேர்ந்தவர் செய்ய வேண்டியது. பழைய சாயத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மானி வைத்துப் பார்க்காமல் இழைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வண்டிக்கு மேலே கூரையை அண்ணாந்து பாருங்கள். வெள்ளைக் குச்சிகள் தொங்கினால் வேறு இடம் கேளுங்கள். இடம் மாற்றித் தர மாட்டார்கள் என்றால் கவரை நம்பாமல், மேலே சாய்வாக ஒரு தகடு கட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டுப் போர்ச்சில் சிங்க் கூரையின் ஆணி வழியே சொட்டும் மழைநீர் வட்டக் கறையாக விழும். அது இவ்வளவு மோசமில்லை, இதே வினிகர் முறையில் போய்விடும். ஆனால் ஆணிக்கு சிலிகன் வைக்காமல் கறையை மட்டும் எடுப்பதில் பயனில்லை.

அறிகுறி: எச்சத் தடம்

மைனா, காகம், வௌவால், பல்லி. நம் ஊரில் நான்குமே உண்டு. ஜம்பு, மா மரங்கள் பழுக்கும்போது வௌவால் எச்சம் பழச்சாறோடு விழும். சாயத்தில் ஆழமாகத் தடம் விடுவது அதுதான். பல்லி எச்சம் சிறியது, ஆனால் மூடிய போர்ச்சில் மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

காய்ந்ததைத் துடைக்காதீர்கள், அதில் மணலும் விதையும் இருக்கும். ஈரத் துணியைப் பத்து, பதினைந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். தடம் தெரிந்தால் சில நாள் வெயில் வந்து போகும் இடத்தில் விடுங்கள். மேலோட்டமான தடங்கள் சூட்டில் தானே தணிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மீந்ததற்குக் கைப் போலிஷ். ஆழமான பள்ளத்துக்கு மேலே சொன்ன அதே எச்சரிக்கை.

புகைமூட்ட மாதங்களில் கவர்மேல் படியும் சாம்பலும், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனப் பக்கத்து வீட்டார் பேய்த் திருவிழாவுக்குக் காகிதம் எரிக்கும்போது பறந்து வரும் சாம்பலும் இதே வகையில் சேரும். காய்ந்திருக்கும்போது கவரை உதறாமல், மெதுவாகச் சுருட்டி எடுத்து வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். மழையில் நனைந்த சாம்பல் கவர்வழியே ஊறி இறங்கும். அதைப் பார்த்த அன்றே கழுவிவிடுவது நல்லது.

அறிகுறி: மங்கிப்போய், தொட்டால் சுண்ணாம்பு போலத் தூள் ஒட்டுகிறது

ஒற்றைப் பூச்சுச் சாயத்தில், குறிப்பாகச் சிவப்பிலும் கருநீலத்திலும். மேல்தோல் காய்ந்து மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அடியில் நிறம் உயிரோடு இருக்கும்.

கழுவிக் காயவைத்து, எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸை உள்ளங்கையளவு இடத்தில் தடவி ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் துடைத்தால் நிறம் எழும். எழுந்தால் முழு வண்டிக்கும் இதையே செய்துவிட்டு, அப்புறம்தான் மென்மையான போலிஷ், கடைசியில் வேக்ஸ். பொறுமையான வேலை, மைனர் ஒன்றுக்கே எனக்கு ஒரு வார இறுதி முழுதும் பிடிக்கும். மெஷினை எடுத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன் என்று வருபவரிடம், பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் டேப் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டாமல் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். விளிம்பில்தான் சாயம் மெலிந்திருக்கும், முதலில் பிரைமர் தெரிவதும் அங்கேதான்.

துடைக்கும்போது வேறு நிறம் தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அது பிரைமர். இனி மிச்சம் இல்லை.

அறிகுறி: கையில் சொரசொரக்கிறது, ஆரஞ்சுப் புள்ளிகள்

மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவுங்கள், துல்லியமாகத் தெரியும். ரயில் பாதைக்கு அருகிலோ, இரும்பு அறுக்கும் பட்டறைக்கு அருகிலோ நின்ற வண்டியாக இருந்தால் இரும்புத் துகள் படிந்து துருப்பிடித்திருக்கிறது. பட்டர்வொர்த் நிலையப் பக்கம் நின்ற வெள்ளை வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரும்பு கரைக்கும் திரவம் தெளித்தால் ஊதாவாக வடியும். பழைய லாக்கரில் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும், குரோம்மேல் விடக் கூடாது. மீந்ததற்குக் கிளே பார் என்ற, களிமண் போன்ற கட்டி. ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக ஊற்றி, அழுத்தாமல் தடவுங்கள். கிளே கீழே விழுந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: சாம்பல், கறுப்புப் புள்ளிப் பூஞ்சணம்

ஷாம்பூவும் மென்மையான துணியும் போதும். குளோராக்ஸ் வேண்டாம், ரப்பரையும் குரோமையும் கெடுக்கும். கதவு ரப்பரின் மடிப்பையும் கவரின் உள்பக்கத்தையும் கழுவி வெயிலில் போடாவிட்டால் பத்து நாளில் திரும்பி வரும். பூஞ்சணம் வந்த இடத்தில் வெள்ளை மேகமும் அடுத்து வரும் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்த் தரை, காற்றுச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள்

தூசி படிந்த வண்டிமேல் கவர் போட்டதாலும், காற்றில் கவர் ஆடியதாலும் வருவது. வண்டிக்கு அடியில் போகும் கவரின் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். கழுவாமல் ஒருபோதும் மூடாதீர்கள். இருக்கும் கீறல் கண்ணை உறுத்தாவிட்டால் வேக்ஸ் போட்டு அப்படியே விடுங்கள். பழைய சாயத்தில் கீறலைப் போக்குவதற்காக இழைக்கும் ஒவ்வொரு மைக்ரானும் திரும்பி வராது. மினுமினுப்பைவிட மிச்சமிருக்கும் கனம் எனக்குப் பெரிது.

அறிகுறி: பானெட்டுக்குள் சாயம் சுருங்கி உரிகிறது

பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே உள்ள தகரத்தில் பாருங்கள். நின்றுபோன வண்டியில் ரப்பர் காய்ந்து பிரேக் எண்ணெய் கசியும், அது சாயத்தை உரிக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரையும். துணியால் துடைத்தால் பரவும். மோரிஸ் மைனரில் சிலிண்டர் ஓட்டுநரின் கால்தரைக்குக் கீழே இருப்பதால் இது கண்ணில் படாது, எண்ணெய் மட்டம் குறைகிறதா என்று பாருங்கள். சாயம் இரண்டாவது பிரச்சினை. பிரேக்கைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், போர்மேனை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

அறிகுறி: வறண்ட குளத்து மண் போல வெடிப்பு

பழைய சாயத்தின்மேல் மறுபடி மறுபடி அடித்துக் கனம் கூடிய லாக்கரில் வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. வெடிப்புக்குள் வேக்ஸ் புகுந்தால் வெள்ளைக் கோடாக நின்று பின்னால் சாயம் அடிப்பவருக்கும் தொல்லை தரும், அதனால் வேக்ஸும் போடாதீர்கள். முழுதாக உரித்து அடிக்க வேண்டும். அதுவரை காய்ந்த இடத்தில் வைத்தால் வெடிப்பு வேகமாகப் பரவாது. அடிக்கும்போது நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவையும் மாற்ற வேண்டும். பழைய வண்டிக்கு அசல் நிறமே அழகு என்பது என் கட்சி.

அறிகுறி: புதிதாக அடித்த சாயத்தில் துணியின் தடம் பதிந்திருக்கிறது

இது என்னை மிகவும் வருத்திய ஒன்று. எங்கள் மைனருக்கு முழுச் சாயம் அடித்து வந்த மறுநாளே, தூசி படக் கூடாதே என்று அப்பா கவர் போட்டுவிட்டார். கடையிலும் யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்தால் பானெட் முழுக்கக் கவரின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது.

சாயம் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே இன்னும் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். சூடேற்றிக் காயவைக்கும் அறை இல்லாத கடைகளில் அடித்ததென்றால் இரண்டு மாதமாவது கவரும் வேண்டாம், வேக்ஸும் வேண்டாம். தூசி விழட்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகும்.

ஏற்கனவே தடம் விழுந்துவிட்டதென்றால் கவரை எடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள். சாயம் இறுகும்போது மெலிந்த தடங்கள் கொஞ்சம் சமனாகும். அதன் பிறகும் தெரிவதற்கு மென்மையான போலிஷ் போதும். நகத்தில் நெசவு தட்டும் அளவுக்கு இருந்தால் அடித்த கடைக்கே திரும்பக் கொண்டுபோங்கள். அவர்கள் 2000 எண் வாட்டர் பேப்பரில் இழைத்துப் போலிஷ் போடுவார்கள். புதுச் சாயத்தில் அதற்குப் போதிய கனம் இருக்கும். மைனருக்கு அப்படித்தான் செய்தார்கள். அப்பா அன்று கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் கவரை மடித்து மாடியில் வைத்துவிட்டு, தைப்பூசம் முடியும்வரை வண்டியைத் திறந்தே வைத்திருந்தோம்.